கூட்டினால் வராத கணக்கு

ஒரு நெட்வொர்க் கார்டில் 16 க்யூக்கள், அதாவது பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும் 16 தடங்கள். ஒவ்வொன்றும் தன் வழியாக எத்தனை பாக்கெட் போனது, எத்தனை பைட் போனது என்று ஓர் எண்ணை வைத்திருக்கிறது. பதினாறையும் கூட்டினால் கார்டின் மொத்தக் கணக்கு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே? பல டிரைவர்களில் வராது. சில நேரம் குறையும். கூடுவதும் உண்டு. க்யூ எண்ணிக்கையை ஒருமுறை மாற்றிவிட்டுப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. டிரைவரில் பிழை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பாதி நேரம் அது உண்மையும்கூட. மீதிப் பாதிதான் உறுத்துகிறது. டிரைவர் எழுதியவர் எதையும் தவறவிடாதபோதும் கணக்கு இடிக்கிறது என்றால், கேள்வி கேட்கும் இடைமுகத்திலேயே ஏதோ சரியில்லை என்றுதான் அர்த்தம்.

க்யூவாரியான எண்களை யார் கேட்கிறார்கள் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தப் போக்குவரத்து எவ்வளவு என்று அறிய இவை தேவையில்லை. ஆர்எஸ்எஸ் (பாக்கெட்டுகளை க்யூக்களுக்குப் பங்கிடும் கார்டின் வசதி) ஹாஷ் செய்து பிரித்த பிறகும் ஒரு கனத்த இணைப்பு முழுவதும் ஒரே க்யூவில் விழுந்து, அந்த க்யூவைக் கவனிக்கும் சிபியு மட்டும் மூச்சுத்திணறும்போது மொத்தக் கணக்கில் எதுவும் தெரியாது. கார்டு பாதித் திறனில்தான் ஓடுவதாகக் காட்டும், பாக்கெட்டுகளோ விழுந்துகொண்டிருக்கும். க்யூவாரியான எண்களின் முதல் வேலை இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டுவது. எந்த க்யூவில், எந்தக் காரணத்தால் விழுந்தது என்று சொல்வது இரண்டாவது வேலை. இந்த இரண்டுக்கும் வெளியே போகிற ஒவ்வொரு கவுண்ட்டரையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

பெயர் வைக்கும் உரிமை யாருக்கு

லினக்ஸில் நெடுங்காலம் இதற்கென்று இருந்த ஒரே வழி 'ஈத்டூல் -எஸ்' என்ற கட்டளை. டிரைவர் ஒரு பெயர்ப் பட்டியல் தரும், அதே வரிசையில் 64-பிட் எண்களின் பட்டியல் தரும். பெயர் என்பது 32 பைட் சரம், அவ்வளவுதான். என்ன பெயர், எந்த வடிவம், எந்த அலகு என்பதெல்லாம் டிரைவர்காரரின் விருப்பம். விளைவு தெரிந்ததே. ஒரு டிரைவர் 'ஆர்எக்ஸ்_க்யூ_0_பாக்கெட்ஸ்' என்கிறது. இன்னொன்று 'ஆர்எக்ஸ்0_பாக்கெட்ஸ்' என்கிறது. மூன்றாவதுக்கு அது 'க்யூ_0_ஆர்எக்ஸ்_சிஎன்டி'. நான்காவது '[0]: ஆர்எக்ஸ்_யூகாஸ்ட்_பாக்கெட்ஸ்' என்று எழுதி, மல்டிகாஸ்டையும் பிராட்காஸ்டையும் தனித்தனி வரிகளில் போடும், மூன்றையும் நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். கண்காணிப்புக் கருவி எழுதுகிறவர் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு ரெகெக்ஸ் (பெயர்களைப் பொருத்திப் பார்க்கும் வாய்பாடு) வைத்துக்கொண்டு, கெர்னல் பதிப்பு மாறும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொண்டிருப்பார்.

சிதறல் பெயரோடு நிற்கவில்லை. 128 க்யூக்கள், இரண்டு திசைகள், திசைக்கு 10 கவுண்ட்டர் என்று வைத்தால் 2560 வரிகள். பெயர்கள் மட்டும் 81,920 பைட், எண்கள் 20,480 பைட். சொல்ல வந்த சேதியைவிட அதன் தலைப்பு நான்கு மடங்கு பெரியது. அதைவிட மோசம், எத்தனை வரி, என்ன பெயர், என்ன எண் ஆகிய மூன்றும் கெர்னலை நோக்கிய தனித்தனி ஐஆக்டல் அழைப்புகள். முதல் அழைப்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இன்னொருவர் க்யூ எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால், நெடுங்காலம் கெர்னல் புதிய எண்ணிக்கைப்படியே எழுதி வந்தது. பயனர் நிரலோ பழைய எண்ணிக்கைப்படி இடம் ஒதுக்கியிருக்கும். எல்லை தாண்டி எழுதப்பட்ட நினைவகம் எப்போது, எங்கே வெடிக்கும் என்று சொல்ல முடியாது. இதைத் தவிர்க்க டிரைவர்கள் கண்டுபிடித்த வழி, ஓடாத க்யூக்களையும் சேர்த்து அதிகபட்ச எண்ணிக்கைக்கு எப்போதும் வரிகளைக் கொடுப்பது. ஆக 4 க்யூ ஓடும் கணினியில் 128 க்யூவுக்கான சுழியங்கள் திரையில் உருண்டோடும்.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் இதை, கெர்னல் மதிப்புகளைக் காட்டும் சிஸ்சிடிஎல் மரத்தில் வைத்தது. டிரைவர், கார்டு எண், அதன் கீழே க்யூ எண் என்று கிளை பிரிவதால் எந்த எண் எந்த க்யூவுடையது என்பதில் குழப்பம் குறைவு. இலையின் பெயர் மட்டும் அங்கும் டிரைவரின் கையில்தான்.

எண்ணுவதற்கும் விலை உண்டு

10 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய, அதாவது 64 பைட் சட்டகங்கள் முழு வேகத்தில் வந்தால் வினாடிக்கு 1.488 கோடி. ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோவினாடி. இந்த இடைவெளியில் கவுண்ட்டர் ஒன்றைக் கூட்டுவது பெரிய செலவில்லை. ஆனால் அந்தக் கவுண்ட்டர் இருக்கும் கேஷ் வரியை (சிபியு நினைவகத்தைக் கையாளும் மிகச் சிறிய துண்டு) வேறொரு சிபியுவும் எழுதிக்கொண்டிருந்தால் கதை மாறும். இரண்டு க்யூக்களின் எண்கள் ஒரே 64 பைட் வரியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தால், தொடர்பே இல்லாத இரண்டு சிபியுக்கள் அந்த வரியை மாறிமாறிப் பறித்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு க்யூவின் கவுண்ட்டர்களையும் அந்த க்யூவின் ரிங் (பாக்கெட்டுகளுக்கான இடங்களின் வட்டப் பட்டியல்) அமைப்பிலேயே, கேஷ் வரி எல்லையில் தொடங்கும்படி வைக்க வேண்டும். எல்லா க்யூக்களின் பாக்கெட் எண்ணிக்கையும் ஒரே அணியில் என்று அழகாக அடுக்குவது வாசிப்பவருக்கு வசதி, எழுதும் சிபியுவுக்குத் தண்டனை.

அளவு 64 பிட்டாகத்தான் இருக்க வேண்டும். 32-பிட் பைட் கவுண்ட்டர் 10 ஜிகாபிட்டில் சுமார் 3.4 வினாடியில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். 100 ஜிகாபிட்டில் மூன்றில் ஒரு வினாடி. 64-பிட் என்றால் 100 ஜிகாபிட்டிலும் 46 ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். சிக்கல், 32-பிட் சிபியுவில் 64-பிட் எண்ணை ஒரே மூச்சில் படிக்க முடியாது என்பது. கீழ்ப்பாதியைப் படித்தபின், மேல்பாதியைப் படிக்குமுன் கீழ்ப்பாதி நிரம்பி வழிந்தால், படித்த எண் 400 கோடிக்கு மேல் தள்ளிப்போயிருக்கும். லினக்ஸின் 'யூ64_ஸ்டாட்ஸ்_சிங்க்' இதற்காகத்தான். 32-பிட் கணினியில் அது ஒரு சீக்வென்ஸ் எண்ணை வைத்து, நடுவில் மாறியிருந்தால் வாசிப்பவரை மறுபடி படிக்க வைக்கும். 64-பிட் கணினியில் ஒன்றுமே செய்யாமல் கரைந்துவிடும்.

கரைந்துவிடுவதுதான் பொறி. அந்த சீக்வென்ஸ் எண்ணுக்கு ஒரே நேரத்தில் ஒரு எழுத்தர்தான் இருக்கலாம் என்பது விதி. அனுப்பும் க்யூவில் இரண்டு எழுத்தர்கள் இருக்கிறார்கள்: பாக்கெட்டை ரிங்கில் வைக்கும் பாதை ஒன்று, அனுப்பி முடித்ததைத் துடைத்து எடுக்கும் நேப்பி (பாக்கெட்டுகளைக் கொத்தாகக் கையாளும் கெர்னல் பகுதி) பாதை மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு சிபியுவில் ஒரே நேரத்தில் ஓடலாம். க்யூவை நிறுத்திய தடவைகளான 'ஸ்டாப்' எண்ணிக்கையை முதல் பாதையும் மறுபடி திறந்த தடவைகளான 'வேக்' எண்ணிக்கையை இரண்டாவது பாதையும் ஒரே சிங்க்கைப் பயன்படுத்திக் கூட்டினால், ஒருநாள் ஒரு கூட்டல் தொலையும். 'எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று பொருள்படும் ஒற்றைப்படையிலேயே சீக்வென்ஸ் எண் நின்றுவிடும். அதன்பின் வாசிக்க வருபவர் முடிவில்லாமல் சுற்றுவார். மேம்பாட்டாளரின் 64-பிட் கணினியில் இது ஒருபோதும் தெரியாது. 32-பிட் ஆர்ம் ரவுட்டரில் கருவி உறைந்து நிற்கும். இன்னொரு நுணுக்கம்: ரிங் நிரம்பியதால் க்யூவை நிறுத்திய மறுகணமே, அதே அனுப்பும் பாதை மறுபடி சோதித்து, இடம் கிடைத்திருந்தால் தானே திறந்துவிடும். ஆக 'வேக்' நிகழும் இடமும் இரண்டு. பாதைக்கு ஒரு சிங்க், பாதைக்கு ஒரு கவுண்ட்டர் என்று பிரித்து வைத்து, வாசிக்கும்போது கூட்டிக்கொள்வதுதான் தலைவலி இல்லாத வழி.

வன்பொருளே எண்ணித் தந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று தோன்றும். அங்கே வேறு தொல்லை. இன்டெலின் 82599 சிப்பில் 128 வாங்கும் க்யூக்கள் உண்டு. க்யூவாரியான கவுண்ட்டர் தொகுதிகள் 16 மட்டுமே. எந்த க்யூ எந்தத் தொகுதியில் எண்ணப்படும் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். படித்தவுடன் சுழியமாகும் கவுண்ட்டர்கள் வேறு. இரண்டு பேர் படித்தால் ஆளுக்குப் பாதி. கெர்னலைத் தவிர்த்துப் பாக்கெட்டுகளைக் கையாளும் டிபிடிகே நூலகத்தின் அடிப்படைப் புள்ளிவிவர அமைப்பில் க்யூ அணிகள் நெடுங்காலம் 16 இடத்தோடு இருந்ததும், க்யூவுக்கும் கவுண்ட்டருக்கும் முடிச்சுப்போடத் தனி அழைப்பு இருந்ததும் இந்த வகை வன்பொருளுக்குப் பொருந்துகிற வடிவம்தான். ஒரு சிப்பின் வரம்பு இடைமுகத்தின் வரம்பாக உறைந்துவிட்டால், சிப் போன பிறகும் வரம்பு போகாது.

புதிய கார்டுகள் சில, கவுண்ட்டர்களை டிஎம்ஏ (சிபியு தலையிடாமல் நேரடியாக எழுதும் முறை) மூலம் நினைவகத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் எழுதிவைக்கின்றன. இடைவெளி 1 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை படிக்கும் கருவி ஒன்பது முறை அசையாத எண்ணையும் பத்தாவது முறை ஒரு பெரிய குதிப்பையும் பார்க்கும். வரைபடத்தில் அது திடீர் வெள்ளம் போல இருக்கும். இணைப்பில் அப்படி எதுவும் நடந்திருக்காது. இந்த இடைவெளியைப் பார்க்கவும் மாற்றவும் ஈத்டூலின் கோயலஸ் (குறுக்கீடுகளைச் சேர்த்து அனுப்பும்) அமைப்புகளில் 'ஸ்டாட்ஸ்-பிளாக்-யூசெக்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. தேடாதவருக்குத் தெரியாது.

எந்த க்யூவுக்கும் சொந்தமில்லாத இழப்பு

மொத்தக் கணக்கு இடிப்பதற்கான முதல் நேர்மையான காரணம் இங்கே. பாக்கெட் கம்பியிலிருந்து வந்ததும் முதலில் கார்டின் பொது இடையகத்தில் விழுகிறது. அதன்பிறகுதான் ஹாஷ், க்யூ தேர்வு, டிஸ்கிரிப்டர் (பாக்கெட்டை வைக்க நினைவகத்தில் இடம் காட்டும் ரிங் பதிவு) எடுப்பு எல்லாம். பொது இடையகம் நிரம்பி வழிந்தால், விழுந்த பாக்கெட் எந்த க்யூவுக்குப் போக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 82599 போன்ற சிப்பில் இது இன்னும் நுட்பமாக நடக்கும். டிஸ்கிரிப்டர் இல்லாதபோது கீழே போட க்யூவுக்கு அனுமதி தந்திருந்தால், இழப்பு அந்த க்யூவின் கணக்கில் ஏறும். அனுமதி தராவிட்டால் நிரம்பிய ஒரு க்யூ பொது இடையகத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். காலியாக இருக்கும் மற்ற க்யூக்களுக்கான பாக்கெட்டுகளும் பின்னால் தேங்கி வழியும். எல்லா இழப்பும் போர்ட் கணக்கில் ஏறும். குற்றவாளி ஒரே ஒரு க்யூ, ஆனால் க்யூவாரியான இழப்புப் பட்டியல் முழுக்கச் சுழியம்.

இந்த இழப்பை எல்லா க்யூக்களுக்கும் சமமாகப் பிரித்துப் போடுவதோ, 0-வது க்யூவின் தலையில் கட்டுவதோ கணக்கை நேராக்கும், உண்மையைக் கோணலாக்கும். க்யூவைத் தேர்ந்தெடுக்கும் முன் விழுந்தது க்யூ கணக்கில் வரவே கூடாது. கூட்டுத்தொகை பொருந்த வேண்டும் என்ற பிடிவாதத்தை இழப்புகள் விஷயத்தில் கைவிட்டுவிடுவதே நல்லது.

க்யூ போன பிறகு அதன் எண்கள்

வந்து சேர்ந்த பாக்கெட், பைட் விஷயத்தில் அந்தப் பிடிவாதத்தைக் கைவிட முடியாது. அங்கே கூட்டுத்தொகை இடிப்பதற்கு முக்கியக் காரணம், க்யூக்கள் நிரந்தரமானவை அல்ல என்பது. 'ஈத்டூல் -எல்' கொடுத்தால் எண்ணிக்கை மாறும். ரிங் அளவை மாற்றினால், எம்டியூவை (பாக்கெட்டின் உச்ச அளவு) மாற்றினால், எக்ஸ்டிபி நிரலை (டிரைவரிலேயே பாக்கெட்டைக் கையாளும் சிறு நிரல்) ஏற்றினால் பல டிரைவர்கள் எல்லா ரிங்குகளையும் கலைத்துப் புதிதாகக் கட்டும். கவுண்ட்டர் ரிங் அமைப்புக்குள் இருப்பதால், கேஷ் வரிக்காக நாம் செய்த அதே ஏற்பாட்டால், ரிங்கோடு எண்ணும் போய்விடும்.

8 க்யூக்களில் தலா 50 கோடி பாக்கெட், மொத்தம் 400 கோடி. க்யூக்களை 4 ஆகக் குறைக்கிறீர்கள். டிரைவர் இருக்கும் க்யூக்களை மட்டும் கூட்டினால் மொத்தம் 200 கோடி. பிரோமிதியஸ் போன்ற கண்காணிப்புக் கருவிகள் கவுண்ட்டர் குறைந்தால் அது சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்கியதாக எடுத்துக்கொள்ளும். ஆக அந்த 200 கோடியையும் புதிதாக வந்த பாக்கெட்டுகளாகச் சேர்த்துவிடும். வராத வெள்ளத்துக்கு அலாரம் அடிக்கும்.

இதற்கு டிரைவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லி வந்தன. அதிகபட்ச க்யூக்களுக்கான கவுண்ட்டர்களை என்றைக்கும் நினைவகத்தில் வைத்திருந்து, எதையும் சுழியமாக்காமல் விடுவது ஒன்று. மொத்தம் குறையாது. ஆனால் 8-லிருந்து 2-க்குப் போய்விட்டு மறுபடி 8-க்கு வந்தால் 5-வது க்யூவில் பழைய எண்ணிக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். எண்தான் 5, அதன் குறுக்கீடு, சிபியு, நினைவகம் எல்லாம் மாறியிருக்கலாம். ஏற்றத்தாழ்வைப் பார்க்க வந்தவருக்கு நேற்றைய அமைப்பின் எண்கள் வெறும் இரைச்சல். மற்ற வழி, எல்லாவற்றையும் சுழியமாக்குவது. ஏற்றத்தாழ்வு பளிச்சென்று தெரியும்; மொத்தம் பாழ்.

எது சரி என்ற விவாதம் முடியாமல் சுற்றியதற்குக் காரணம், இரண்டும் சரியான தேவைகள் என்பதுதான். க்யூவின் எண் அண்மைக்காலத்தைச் சொல்ல வேண்டும். மொத்தத்தின் எண் பின்னால் போகவே கூடாது. ஒரே எண்ணால் இரண்டையும் செய்ய முடியாது. 2024-இல் லினக்ஸின் நெட்டெவ் நெட்லிங்க் குடும்பத்தில் (பயனர் நிரல்கள் கெர்னலோடு பேசும் செய்தி வழி) சேர்ந்த க்யூ புள்ளிவிவர இடைமுகம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எளிமையானது. டிரைவர் மூன்று செயல்களைத் தருகிறது: ஒரு வாங்கும் க்யூவின் எண்கள், ஒரு அனுப்பும் க்யூவின் எண்கள், கூடவே 'பேஸ்' எண்கள். பேஸ் என்பது முடித்துவைத்த கணக்குகளின் நிலுவையைத் தாங்கும் பேரேட்டுப் பக்கம் போன்றது. இப்போது உயிரோடு இல்லாத க்யூக்கள் எண்ணியதெல்லாம் அங்கே. பேஸையும் ஓடும் க்யூக்களையும் கூட்டினால் சாதனத்தின் மொத்தம். கூட்டும் வேலையைக் கெர்னலின் மையப் பகுதியே செய்துகொள்கிறது. எண்ணிக்கை மாறும்போது க்யூ எண்களைச் சுழியமாக்குவதை அதன் ஆவணம் ஊக்குவிக்கவும் செய்கிறது, காரணமாக ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடிப்பதையே சொல்கிறது.

பேஸ் இன்னொரு இடைஞ்சலையும் தீர்க்கிறது. எக்ஸ்டிபிக்காகத் தனியே வைத்த அனுப்பும் க்யூக்கள், நேரமுத்திரைக்கான க்யூக்கள் போன்றவை நெட்வொர்க் அடுக்கின் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றுக்கு வெளியில் சொல்ல எண் கிடையாது. பாக்கெட்டுகளோ உண்மையாகவே போயின. அவையும் பேஸில் சேரலாம்.

எழுதும்போது வழுக்கும் இடம் வரிசைமுறை. ரிங்கைக் கலைக்கும்போது நேப்பியை நிறுத்தி, பாதியில் நிற்கும் அனுப்புதல்களைத் துடைத்து முடித்து, அதன்பின் எண்களைப் பேஸில் சேர்த்து, கடைசியில்தான் ரிங்கை விடுவிக்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் கடைசிச் சில பாக்கெட்டுகள் தொலையும். சேர்த்தபின் சுழியமாக்க மறந்தால் இருமுறை எண்ணப்படும். கார்டே நினைவகத்தில் எழுதிவைக்கும் வகை என்றால், ஃபர்ம்வேர் ரிங்கை மூடிக் கடைசித் தடவை எழுதியபின் படிக்க வேண்டும். வாசிப்பவரும் கலைப்பவரும் ஒரே பூட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் க்யூவிலும் இல்லை, பேஸிலும் இல்லை என்ற கணத்தில் ஒருவர் படித்துவிடுவார்.

சுழியம் என்பதும் ஒரு பதில்

அந்த வடிவமைப்பில் அதிகம் பேசப்படாத, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எண்களை நிரப்பித் தரவேண்டிய அமைப்பை டிரைவரிடம் கொடுக்கும் முன் மையப் பகுதி அதன் எல்லாப் புலங்களிலும் எல்லாப் பிட்டுகளையும் 1 ஆக்கிக் கொடுக்கிறது. டிரைவர் தொடாத புலம் அப்படியே இருக்கும். அது வெளியே போகாது. 0 என்று எழுதினால்தான் '0' என்று போகும். 'நான் எண்ணினேன், ஒன்றும் இல்லை' என்பதும் 'நான் எண்ணவே இல்லை' என்பதும் இப்படி வேறாகின்றன. பழைய முறையில் வன்பொருள் இழப்பு 0 என்று பார்த்துவிட்டு, இழப்பு வேறெங்கோ என்று தேடிப் போனவர்கள் ஏராளம். டிரைவரோ அதை எண்ணியதே கிடையாது. இதில் டிரைவர்காரர் செய்யக்கூடிய பெரிய தவறு, பழக்கதோஷத்தில் அமைப்பு முழுவதையும் சுழியமாக்கிவிட்டுத் தொடங்குவது. இரண்டாவது தவறு, க்யூவில் தரும் புலத்தைப் பேஸில் 0 என்றாவது எழுதாமல் விடுவது. அப்படி விட்டால் அந்தப் புலம் மொத்தத்தில் வராது.

பெயர்களின் பொருளும் இங்கே மையத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, யாமல் கோப்பு ஒன்றில். 'அல்லாக்-ஃபெயில்' என்பது நினைவகம் கிடைக்காத தடவைகள். பாக்கெட் விழுந்திருக்கலாம், விழாமலும் இருக்கலாம். அதை இழப்போடு கூட்டக் கூடாது. 'எச்டபிள்யூ-டிராப்ஸ்' எல்லா வன்பொருள் இழப்பும். 'எச்டபிள்யூ-டிராப்-ஓவர்ரன்ஸ்' அதற்குள் அடங்கிய, தற்காலிக இடப் பற்றாக்குறையால் ஏற்பட்டது மட்டும். வன்பொருள் பல பாக்கெட்டுகளை ஒட்டி ஒன்றாக்கித் தரும்போது, ஒட்டியபின் எத்தனை, கம்பியில் எத்தனை என்று இரண்டு தனி எண்கள். பழைய எல்ஆர்ஓ வகை ஒட்டல் இரண்டிலும் சேராது. இந்த அளவுக்குச் சொல்லிவைக்காத கவுண்ட்டரை இரண்டு டிரைவர்கள் ஒரே மாதிரி எண்ணும் என்று நம்பக் கூடாது.

சரிபார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கார்டில் இரண்டு கணக்குகளை ஒரே கணத்தில் படிக்க முடியாது. ஆகவே சமமா என்று கேட்கும் சோதனை காரணமில்லாமல் தோற்கும். கெர்னலோடு வரும் சோதனை சமத்தைக் கேட்பதில்லை. வழக்கமான இணைப்புக் கணக்கைப் படிக்கும், பிறகு க்யூக்களிலிருந்து கூட்டிய மொத்தத்தைப் படிக்கும், மறுபடி இணைப்புக் கணக்கு என்று மாறிமாறிப் போகும். பின்னால் படித்தது முன்னால் படித்ததைவிடக் குறைந்திருக்கக் கூடாது என்று மட்டும் பார்க்கும். நேரம் கடந்தால் எண் கூடலாம், குறையலாகாது. சொந்த டிரைவரில் இதையே இன்னும் கொஞ்சம் கடுமையாகச் செய்யலாம்: பின்னணியில் போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்க, க்யூ எண்ணிக்கையை 8, 2, 8, 1 என்று மாற்றிக்கொண்டே, நடுநடுவே இண்டர்ஃபேஸை இறக்கி ஏற்றிக்கொண்டே அந்தச் சோதனையை ஓட்டுவது. இறக்கியிருக்கும்போது க்யூ பட்டியல் காலியாக வரவேண்டும், மொத்தம் முழுவதும் பேஸிலிருந்து வரவேண்டும். பேஸ் எழுதும் வரிசையில் தவறு இருந்தால் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும். போக்குவரத்தை நிறுத்தியபின் ஒருமுறை, அமைதியான நிலையில், இரண்டு கணக்குகளும் அச்சாகச் சமமா என்றும் பார்த்துவிட வேண்டும். சில பாக்கெட்டுகளை மட்டும் இருமுறை எண்ணும் சிறு பிழை, போக்குவரத்து ஓடும்போது 'குறையக் கூடாது' என்ற சோதனையைத் தாண்டிவிடலாம், இதைத் தாண்டாது.